மரம் அள்ளும் சனிக்கிழமை

இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. இப்போதுதான் பொழுது வெளுக்கிறது. பேசினால் வாயிலிருந்து ஆவி பறக்கிற குளிர். வேன் ஒன்று நடை வேகத்தில் தெருவில் ஊர்ந்துகொண்டிருக்க, அதன் பின்னே கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோர் கையிலும் தடித்த கையுறை, உடம்பில் ஒளிரும் மஞ்சள் மேலங்கி. வேனின் முன்னிருக்கையில் இருக்கும் அம்மா ஒருவர் பட்டியலைப் பார்த்து வீட்டு எண்களைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் இருவர் இருவராக ஓடுகிறார்கள். வாசலில் சாத்தி வைத்திருக்கும் கிறிஸ்துமஸ் மரத்தை இழுத்து வந்து வேனில் ஏற்றுகிறார்கள்.

இழுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் கிளைகள் குடை போல விரிந்து கேட்டில் மாட்டிக்கொள்ளும். அடிமரத்தைப் பிடித்து இழுத்தால் கிளைகள் தாமாகவே மடங்கி, மரம் ஒல்லியாகி வழுக்கிக்கொண்டு வரும். முதல் தடவை வருகிற பிள்ளை நுனியைத்தான் பிடிக்கும். நாலைந்து மரத்துக்குள் யாரும் சொல்லாமலே கை அடிமரத்துக்குப் போய்விடும். நார்வே ஸ்ப்ரூஸ் வகை மரமாக இருந்தால் அதற்குள் காய்ந்து போய், தொட்ட மாத்திரத்தில் ஊசி இலைகளைக் கொட்டும். கையுறைக்குள், காலணிக்குள், சட்டைக் காலருக்குள் எல்லாம் ஊசி. நார்ட்மன் ஃபர் வகை என்றால் பிழைத்தார்கள். அது இலையை அவ்வளவு எளிதில் விடாது.

கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டாம் இரவு, அதாவது ஜனவரி 5 அல்லது 6, தாண்டியும் அலங்காரம் வீட்டில் இருந்தால் ஆகாது என்பது அங்கே பழைய நம்பிக்கை. அதனால் ஊரிலுள்ள மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. ஆறடி மரத்தை ஒடித்துக் காரில் திணித்துக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோவது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை. தனியாக வாழும் முதியவர்களுக்கு அது பெரும் பாடு. இங்கேதான் ஊர்ச் சாரணர் குழு உள்ளே வருகிறது. முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு, முடிந்த நன்கொடையைச் செலுத்திவிட்டால், பிள்ளைகளே வாசலுக்கு வந்து மரத்தை எடுத்துப் போவார்கள். மரங்களை இயந்திரத்தில் அரைத்துத் துகளாக்கிப் பூங்காப் பாதைகளிலும் தோட்டப் பாத்திகளிலும் பரப்புகிறார்கள். பல ஊர்களில் இதே வேலையை அந்திமக் காலப் பராமரிப்பு இல்லங்களும் நிதிக்காகச் செய்கின்றன. சில இடங்களில் இரு தரப்பும் கைகோத்துக்கொள்வதும் உண்டு.

ஜனவரியில் அள்ளிய மரங்கள்தான் ஆகஸ்டில் கூடாரமாகவும், கயிறாகவும், முகாமுக்குப் போகிற பேருந்தின் வாடகையாகவும் மாறுகின்றன.

பிரிட்டனில் சாரணர் குழு என்பது நம் ஊரில் போலப் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியது அன்று. அது தெருவோடும் ஊரோடும் ஒட்டியது. வாரம் ஒரு மாலை, ஊரில் உள்ள ஒரு தகரக் கூரைக் கொட்டகையிலோ தேவாலயக் கூடத்திலோ கூடுவார்கள். நாலு வயது முதல் ஆறு வயது வரை ‘அணில்கள்’, எட்டு வரை ‘பீவர்கள்’, பத்தரை வரை குருளையர், பதினாலு வரை சாரணர் என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் 18 வயது வரை ‘எக்ஸ்ப்ளோரர்’. 1991-இலிருந்து எல்லாப் பிரிவுகளிலும் சிறுமிகளைச் சேர்க்க வழி திறந்தது. 2007-இலிருந்து எந்தக் குழுவும் அவர்களை மறுக்க முடியாது. நடத்துகிறவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள்: பகலில் வங்கி ஊழியராகவும் செவிலியராகவும் குழாய் பழுதுபார்ப்பவராகவும் இருப்பவர்கள்.

ஒவ்வொரு குழுவும் சட்டப்படி தனி அறநிறுவனம். தலைமை அலுவலகம் பணம் அனுப்பிக் குழுவை நடத்துவதில்லை; குழுதான் தன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக் கட்டணத்தை மேலே அனுப்ப வேண்டும். கொட்டகைக் கூரை ஒழுகினால் குழுதான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு, காப்பீடு, பேட்ஜுகள், கிழிந்த கூடாரத்துக்குப் பதில் புதியது, எல்லாம் குழுவின் தலையில். பெற்றோர் செலுத்தும் மாதச் சந்தா அன்றாடச் செலவுக்கு ஈடு கொடுக்கும். வரி செலுத்துகிற பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால், அவர்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் ‘கிஃப்ட் எய்ட்’ ஏற்பாடு சந்தாவுக்கும் பொருந்தும். பல குழுப் பொருளாளர்களுக்கு ஆண்டின் மிக நல்ல நாள் அந்தத் தொகை வந்து சேரும் நாள்தான். அதற்கு மேல் தேவைப்படுவதை உழைத்துத்தான் தேட வேண்டும்.

பணக் கவலை இந்த இயக்கத்துக்குப் புதிதல்ல. அது பிறந்த நாளிலிருந்தே கூட வருகிறது. 1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களை வைத்து, இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளையும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்து சேர்த்தார். கட்டணமும் அதற்கேற்ப இரண்டு விதம். வசதியுள்ள பிள்ளைக்கு ஒரு பவுண்டு. மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். அப்போது ஒரு பவுண்டு என்பது 20 ஷில்லிங். ஆக, ஏழைப் பிள்ளை கொடுத்தது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முகாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது 24 பவுண்டுக்குச் சற்று மேல் துண்டு விழுந்திருந்தது. முகாமில் கலந்துகொண்ட இரு சிறுவர்களின் தந்தையான சாக்ஸ்டன் நோபிள் அதைக் கட்டினார். வசதி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் கரையில் நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் முதல் முகாமிலேயே இருந்தது. இன்றைக்கும் ஊர்க் குழுக்கள் திரட்டும் நிதியில் ஒரு பகுதி, வெளியே சொல்லாமல் சில பிள்ளைகளின் முகாம் கட்டணத்தைக் குறைப்பதற்குப் போகிறது.

ஆனால் பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில் பேடன் பவல் கண்டிப்பானவர். சாரணன் கை நீட்டிக் கேட்கக் கூடாது, உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த எண்ணம் முழு வடிவம் பெற்றது அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1949-இல். அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் பிரிட்டன் முழுவதும் சாரணர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, ‘ஏதாவது வேலை இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ஷில்லிங்குக்கு அங்கே பேச்சு வழக்கில் ‘பாப்’ என்று பெயர். ஒரு வேலைக்கு ஒரு ஷில்லிங் என்ற பொருளில் அதை ‘பாப் எ ஜாப்’ வாரம் என்றார்கள். காலணிக்கு மெருகு போடுவது, களை பிடுங்குவது, காரைக் கழுவுவது, நாயை நடக்கக் கூட்டிப் போவது, நிலக்கரி சுமப்பது என்று எதுவானாலும் சரி. ஒவ்வொரு சிறுவனிடமும் ஓர் அட்டை. செய்த வேலை, கொடுத்த காசு, கொடுத்தவர் கையெழுத்து மூன்றும் அதில் ஏற வேண்டும். வேலை முடிந்த வீட்டு ஜன்னலில் முடிந்ததற்கான ஓர் அடையாளத் தாளை ஒட்டிவிட்டு வருவார்கள், அடுத்த சிறுவன் அதே கதவைத் தட்டாமல் இருக்க.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வளர்ந்த பிரிட்டிஷ்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அதற்குக் காரணம் பணம் அல்ல. பத்து வயதில் அறிமுகம் இல்லாத ஒருவரின் கதவைத் தட்டி, கண்ணைப் பார்த்துப் பேசி, சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்து, கையில் காசு வாங்கிய முதல் அனுபவம் அது. 1971-இல் நாணய முறை மாறி ஷில்லிங் வழக்கொழிந்தது. பெயர் ‘சாரணர் வேலை வாரம்’ ஆனது. பிறகு தெரியாத வீட்டுக்குள் பிள்ளையைத் தனியே அனுப்புவது பற்றிய அச்சம் வளர்ந்தது. தொண்ணூறுகளில் அந்த வழக்கமே நின்றுபோயிற்று. 2012-இல் வேறு உருவில் திரும்பி வந்தபோது, தனித்தனியாகக் கதவு தட்டுவது இல்லை. குழுவாகச் சேர்ந்து, பெரியவர்கள் உடனிருக்க, ஊருக்குப் பொதுவான ஒரு வேலையைச் செய்வது என்று ஆனது. அந்த அச்சம் நியாயமானது. அதைக் காரணம் காட்டி வேலையையே நிறுத்திவிடாமல், வேலையின் வடிவத்தை மாற்றிக்கொண்டதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மரம் அள்ளும் சனிக்கிழமை அந்த மாற்றத்தின் பிள்ளை.

சட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. தெருவில் உண்டியல் குலுக்கி வசூலிக்க அங்கே பொதுவாக 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையால் தன்னிச்சையாக நின்று காசு கேட்க முடியாது. எனவே குழுவுக்குக் கை கொடுப்பது பருவம்தான். எந்த மாதத்தில் ஊருக்கு என்ன தேவையோ, அந்த மாதத்தில் அதுவே வேலை.

ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது, பள்ளி திறக்கும்போது. அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் வானொலி மூலமும் இணையம் மூலமும் உலகச் சாரணர்கள் பேசிக்கொள்ளும் ‘வான்வழி ஜாம்போரி’ நடக்கும் (ஜாம்போரி என்றால் சாரணர் பெருங்கூடல்). அது 1958-இலிருந்து வருகிற வழக்கம். அதில் காசு பேச்சே இல்லை. அது முடிந்ததும் நவம்பர் 5.

1605-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்ட நாள் அது. நாடெங்கும் பெரும் தீ மூட்டி வாணவெடி விடுவார்கள். தீ மூட்டக் கற்றவர்கள் ஊரில் யார்? சாரணர்கள். பல ஊர்களில் பொதுச் சொக்கப்பானையையே சாரணர் குழுதான் நடத்துகிறது. நுழைவுச் சீட்டு, சூடான சூப், ரொட்டியில் வைத்த சாஸேஜ், இருட்டில் மின்னும் பிளாஸ்டிக் வளையல் எல்லாமே குழுவுக்கு வருமானம். நம் கார்த்திகைச் சொக்கப்பானையைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சமும் கூட்டமும் புதிதாகத் தெரியாது.

விறகு அடுக்குவதில் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாடம் மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. நவம்பர் மாதம் முள்ளெலிகள் குளிர்கால உறக்கத்துக்கு இடம் தேடும் காலம். காய்ந்த கிளையும் சருகும் குவிந்த விறகுக் குவியலைவிட வசதியான வீடு அவற்றுக்கு எங்கே கிடைக்கும்? ஆகவே பல நாள் முன்பே குவித்து வைத்த விறகை, தீ வைக்கும் அன்று அப்படியே கொளுத்தக் கூடாது. முழுவதையும் பிரித்து வேறிடத்தில் மறுபடி அடுக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. ஒரு முள்ளெலிகூட இல்லாமல் போகலாம். இருந்தாலும் பிரித்து அடுக்குகிறார்கள். கையில் டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்து, குவியலின் அடியில் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் எட்டு வயதுக் குருளையனுக்கு அன்றைக்கு விற்ற சூப்பின் கணக்கு நினைவில் நிற்காது. இது நிற்கும்.

அதே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, போரில் இறந்தோர் நினைவு நாள். சாரணர் குழு தன் கொடியோடு ஊர் நினைவுத் தூணுக்கு அணிவகுத்துச் செல்லும். அன்று உடையில் குத்தும் சிவப்புக் காகிதப் பாப்பிப் பூவுக்குக் கொடுக்கும் காசு முன்னாள் படைவீரர் நலச் சங்கத்துக்குப் போகிறது. குழுவுக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை. எந்த நாளில் தனக்காகக் கேட்கக் கூடாது என்பதும் பருவம் கற்றுக்கொடுக்கிற ஒன்று.

டிசம்பர் வந்தால் தபால்.

இந்தக் கட்டுரைக்குள் மிக அழகான சங்கதி இதுவே. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தபால்காரர் முதுகை ஒடித்தது போல, பிரிட்டனில் டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் குவியும். கடிதம் கொண்டுபோகும் உரிமை நெடுங்காலமாக அஞ்சல் துறைக்கு மட்டுமே இருந்தது. 1981-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் அதில் ஒரு சிறு ஜன்னலைத் திறந்தது: நவம்பர் 25 முதல் ஜனவரி 1 வரை அறநிறுவனங்கள் கிறிஸ்துமஸ் அட்டைகளை மட்டும் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாரணர்கள் அந்த ஜன்னல் வழியே உடனே உள்ளே வந்துவிட்டார்கள். ‘ஸ்கவுட் போஸ்ட்’ பிறந்தது.

ஊரின் மளிகைக் கடையிலும் நூலகத்திலும் சலூனிலும் நவம்பர் கடைசியில் அட்டைப் பெட்டிகள் வைக்கப்படும். மக்கள் ஊருக்குள் போக வேண்டிய அட்டைகளில் சாரணர் தபால்தலை ஒட்டி அதில் போடுவார்கள். ஆம், குழுக்கள் தாமே தபால்தலை அச்சிடுகின்றன. சில ஆண்டுகளில் பிள்ளைகள் வரைந்த ஓவியமே தபால்தலை ஆகிவிடுகிறது. அவற்றைச் சேகரிப்பதற்கென்றே தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அரச அஞ்சலின் முதல் வகுப்புத் தபால்தலை 1 பவுண்டு 70 பென்ஸ், இரண்டாம் வகுப்பு 87 பென்ஸ் என்று உயர்ந்தது. சாரணர் தபால் அதைவிட வெகு மலிவு. நாற்பது ஐம்பது அட்டை அனுப்புகிற பாட்டிக்கு அது சிறிய தொகை இல்லை.

பெட்டிகள் நிரம்பியதும் அவற்றைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நீள மேசைகளில் கொட்டுகிறார்கள். சுவரோரம் தெருப் பெயர் எழுதிய அட்டைப் பெட்டிகள், புறாக்கூண்டு போல. பெரிய பிள்ளைகள் அஞ்சல் குறியீடு பார்த்துப் பகுதி பிரிக்க, அடுத்தவர்கள் தெரு பிரிக்க, கடைசியில் நிற்பவர்கள் வீட்டு எண் வரிசையில் அடுக்குகிறார்கள். அங்கே தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. ‘1, 3, 5’ என்று ஒரு கட்டு, ‘2, 4, 6’ என்று மறு கட்டு. இது தெரியாமல் கலந்து அடுக்கியவர்கள் மழையில் சாலையைக் குறுக்கும் மறுக்கும் கடந்து, மறுநாள் ஒழுங்காக அடுக்குவார்கள். குறியீடு இல்லாத அட்டை வரும். ‘மூலை வீட்டு அத்தை’ என்கிற தினுசில் முகவரி எழுதிய அட்டையும் வரும். அதற்கு வயதான தன்னார்வலர் ஒருவர் வேண்டும். ஊரில் முப்பது ஆண்டு இருந்தவருக்குத்தான் அது யார் என்று தெரியும்.

பிறகு பள்ளி விட்ட மாலைகளில், நாலு மணிக்கே இருட்டிவிடுகிற அந்த மாதத்தில், நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பெற்றோரோடு பிள்ளைகள் தெருத் தெருவாகப் போகிறார்கள். கதவில் உள்ள தபால் துவாரங்களில் சில விரலைக் கடிக்கும் அளவுக்கு விறைப்பானவை. சிலவற்றின் மறுபுறம் நாய் காத்திருக்கும். விரலுக்குப் பதில் மரக் கரண்டியால் தள்ளுவது பழகியவர்களின் உபாயம்.

இந்தத் தபால் இப்போது குறைந்து வருகிறது. அட்டை அனுப்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், செய்தி கைபேசியில் போய்விடுகிறது; பல ஊர்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டன. அது பெரிய இழப்பு. ஒரு பிள்ளை தன் ஊரின் ஒவ்வொரு தெருவையும், ஒவ்வொரு கதவையும் கால் நடையாக அறிந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு இன்னொன்று இல்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நிதி திரட்டல் வேறு வழியில் போனது. 1917-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் மஸ்கோகி ஊரில் ‘மிஸில்டோ’ என்ற சாரணியர் குழு வீட்டில் பிஸ்கட் சுட்டு உயர்நிலைப் பள்ளி உணவகத்தில் விற்றது. 1922-இல் சிகாகோவின் ஃப்ளாரன்ஸ் நீல் சாரணியர் இதழில் ஒரு செய்முறை வெளியிட்டார்: ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்கு ஆகும் பொருள் செலவு 26 முதல் 36 சென்ட், ஒரு டஜனை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்று கணக்கோடு. 1930-களில் பேக்கரி நிறுவனங்கள் சுட்டுத்தர ஆரம்பித்தன. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, 1944-இல் சாரணியர் பிஸ்கட்டுக்குப் பதில் நாட்காட்டி விற்றார்கள். இன்று ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் ஆண்டுக்குச் சுமார் 20 கோடிப் பெட்டிகள் விற்கின்றன. சாரணர்கள் இலையுதிர் காலத்தில் பாப்கார்ன் விற்கிறார்கள்.

பிஸ்கட் விற்பனையைக் குறை சொல்ல முடியாது. விலை சொல்லவும், மீதிச் சில்லறை கொடுக்கவும், ‘வேண்டாம்’ என்ற பதிலைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளவும் அது பழக்குகிறது. ஆனாலும் மாவு பிசைந்த கை இப்போது பெட்டியை நீட்டும் கை மட்டும் ஆகிவிட்டது. விற்பனைச் சுமையும் பல வீடுகளில் பெற்றோர் தலையில் விழுகிறது. அப்பா அலுவலகத்தில் பட்டியலைச் சுற்றுக்கு விட, பிள்ளை வீட்டில் தூங்குகிறது. மரம் இழுப்பதையும் தபால் கொடுப்பதையும் அப்படி வேறொருவர் தலையில் கட்ட முடியாது. சாரணர் குணத்துக்கு நெருக்கமானவை அவைதான்.

பிரிட்டனின் ஆண்டுக்குத் திரும்புவோம். குளிர்காலம் முடியும் தறுவாயில் பிப்ரவரி 22 வந்தால், அது பேடன் பவலும் அவர் மனைவி ஓலேவும் பிறந்த நாள். அவர் 1857-இல், இவர் 1889-இல். சாரணியர் அதை, 1926-இல் எடுத்த முடிவின்படி, ‘சிந்தனை நாள்’ என்று கொண்டாடுகிறார்கள். பிறந்த நாள் என்றால் பரிசு உண்டே என்று 1932-இல் போலந்தில் நடந்த உலக மாநாட்டில் பெல்ஜியப் பிரதிநிதி ஒருவர் சொல்ல, ஆளுக்கு ஒரு பென்னி தாருங்கள் என்று ஓலேவ் எல்லோருக்கும் கடிதம் எழுதினார். ‘சிந்தனை நாள் நிதி’ அப்படித் தொடங்கியது. வேறு நாட்டுச் சாரணியருக்காக ஒரு சிறுமி தன் கைக்காசைப் போடுகிற நிதி அது.

ஏப்ரலில் புனித ஜார்ஜ் நாள் உறுதிமொழிப் புதுப்பிப்பு. மே, ஜூனில் தோட்ட விழாக்கள், குளிர்காலத்தில் தொட்டியில் முளைக்க வைத்த தக்காளி நாற்று விற்பனை, பழைய சாமான் சந்தை. அப்புறம் ஆண்டு முழுவதும் காத்திருந்த ஆகஸ்ட்.

முகாமில் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிற பொருளாகிறது. ‘இந்தக் கூடாரம் நாம் அள்ளின மரம்’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் சொல்ல முடிகிறது. அதனால்தான் மழையில் நனைந்த கூடாரத்தைக் காயவைக்காமல் சுருட்ட அந்தப் பிள்ளைக்கு மனம் வராது.

உழைப்பெல்லாம் நினைத்தபடி பலிக்கும் என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமான்கும் பகுதியில் உலக ஜாம்போரி நடந்தது. பிரிட்டனிலிருந்து சுமார் 4,500 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 3,500 பவுண்டு. கார் கழுவியும், கேக் விற்றும், கடைகளில் வாடிக்கையாளர் வாங்கிய சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தும் மாதக்கணக்கில் பிள்ளைகள் சேர்த்த பணம். தாங்க முடியாத வெயில், சுகாதாரக் குறைபாடு. ஒரு வாரத்துக்குள் அவர்களை முகாமிலிருந்து சியோல் நகர விடுதிகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிரிட்டிஷ் சாரணர் அமைப்புக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. அடுத்த ஜாம்போரி 2027-இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில். அதற்கும் ஊர் ஊராகக் கேக் விற்றார்கள்.

உண்மையில் இன்று ஊர்க் குழுக்களுக்குப் பணத்தைவிடப் பெரிய பஞ்சம் ஆள் பஞ்சம். பிரிட்டனில் சாரணர் அமைப்பில் சேரக் காத்திருக்கும் பிள்ளைகள் சுமார் ஒரு லட்சம் என்று அமைப்பே சொல்லியிருக்கிறது. நடத்தப் பெரியவர்கள் இல்லை என்பதே முதல் காரணம். மரம் அள்ளும் சனிக்கிழமையில் வேன் ஓட்ட வருகிற அப்பாவிடம், ‘வாரம் ஒரு மாலை வர முடியுமா?’ என்று குழுத் தலைவர் மெல்லக் கேட்பதும் அதற்காகத்தான். பல தலைவர்கள் அப்படி வந்தவர்கள்.

இதில் நமக்கும் பாத்தியதை இருக்கிறது. அன்னி பெசன்ட் 1916-இல் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் சங்கத்தைத் தொடங்கியது சென்னையில்தான். இலங்கையில் 1912-இல் மாத்தளையில் இயக்கம் வேர் விட்டது. அங்கே சாரணர்கள் அட்டையோடு வேலை கேட்டு வரும் ‘வேலை வாரம்’ பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமான ஒன்று. இந்தியாவில் 1950 நவம்பர் 7-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும் இதே மரபுக்கு ‘கரீ கமாயி’ என்று இந்தியில் பெயர் உண்டு. நேர்மையான சம்பாத்தியம் என்று பொருள். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த வைர விழா ஜாம்போரியில் நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கியதைத் தமிழ்நாடு பார்த்தது. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் சாரணர் நிதி என்றவுடன் பெரும்பாலான பெற்றோருக்கு நினைவு வருவது கொடி நாளன்று பள்ளியில் பிள்ளை வாங்கி வரும் ஸ்டிக்கர்தான். அதற்குக் காசு போவது அப்பாவின் சட்டைப் பையிலிருந்து. வேலை வாங்கிக் காசு கொடுக்கும் பழக்கம் ஊருக்கும் இல்லை, பள்ளிக்கும் இல்லை.

நம் ஊரிலும் வருகிறது ஒரு ஜனவரிச் சனிக்கிழமை. போகிக்கு முந்தைய வாரம். பழைய பாய், கிழிந்த துணி, தேய்ந்த டயர் எல்லாம் வாசலுக்கு வரும் நேரம். அவற்றை எரிக்காமல் ஒப்படைக்கச் சொல்லிச் சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் கேட்டு வாங்குகிறது. உங்கள் தெருவில் அவற்றை வாசல் வாசலாகச் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேனும், இரண்டு பெரியவர்களும், ஸ்கார்ஃப் கட்டிய பத்துப் பிள்ளைகளும் போதும். பக்கத்துப் பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று இந்த வாரமே தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். இருந்தால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் அந்த வேலையை அவர்களிடம் கொடுத்து, வீட்டுக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்ளுங்கள். வேனை நீங்களே ஓட்டுங்கள்.